ஸ்மார்ட் ஐடி கார்டின் பின் நம்பர் கசிவது எங்கே?

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே டீக்கடைக்குப் போகிறோம். கதவு திறக்க மட்டும் உதவும் கார்டு தொலைந்தால் கதவு அனுமதியை முடக்கினால் போதும். லேப்டாப்பில் செருகி, பின் அடித்து, லாகின் செய்யவும் மின்கையொப்பம் போடவும் உதவும் சிப் கார்டு அப்படியல்ல.

அந்தச் சிப்புக்குள், லாகினுக்கும் கையொப்பத்துக்கும் பயன்படும் ஒரு ரகசியச் சாவி (டிஜிட்டல் எண்) உண்டு. அது வெளியே வராது. பின்னைச் சரிபார்ப்பதும் கார்டேதான், சர்வர் அல்ல. தொடர்ந்து தப்பாக அடித்தால் தானே பூட்டிக்கொள்ளும். பல இடங்களில் வரம்பு 3 முறை. ஆறு இலக்கத்தில் 10 லட்சம் எண்கள் இருப்பதால், மூன்று வாய்ப்பில் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடக்காது. ஆனால் ஆறு இலக்கம் என்றதும் 560066, 560100 என்று ஏரியா பின்கோடையே வைத்தால்? பிறந்த தேதியும் அந்த ரகம்தான், சில கார்டுகளில் அது அச்சாகியே இருக்கும். கார்டைக் கண்டெடுத்தவர் முதலில் அடித்துப் பார்ப்பது இவற்றைத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, கார்டை ரீடரிலேயே விட்டுச் சாப்பிடப் போவது. ஒருமுறை பின் அடித்தால், கார்டை உருவும்வரை மறுபடி கேட்காத மென்பொருள்கள் உண்டு. கேட்டாலும் இருக்கவே இருக்கிறது வாட்ஸப்: “மச்சி, கார்டு இங்கதான் இருக்கு, பின் மட்டும் அனுப்பு, அப்ரூவ் பண்ணிடறேன்.” அனுப்பினால், பதிவாவது உங்கள் கையொப்பம். நான் போடவில்லை என்று பிறகு நிரூபிப்பது லேசுப்பட்ட வேலையல்ல. கார்டை உருவியதும் விண்டோஸ் திரை பூட்டிக்கொள்ளும்படி ஐடி டீம் அமைத்துத் தர முடியும், கேட்டு வாங்குங்கள்.

“கார்டு லாக் ஆயிடுச்சு சார், பின் சொல்லுங்க” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பூட்டிய கார்டைத் திறக்கப் பழைய பின் எவருக்கும் தேவையில்லை. சிம் கார்டுக்கு இருப்பதுபோல் பியுகே எண்ணோ நிர்வாகச் சாவியோ அதற்கென இருக்கிறது. பியுகேயை ஊகித்து அடிக்காதீர்கள். அதற்கும் வரம்பு உண்டு, தீர்ந்தால் பெரும்பாலும் புதுக் கார்டுதான்.

பின் மாற்ற, விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘சேஞ்ச் எ பாஸ்வேர்ட்’ போய், சைன்-இன் ஆப்ஷன்ஸில் ஸ்மார்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனம் தனி மென்பொருள் தந்திருந்தால் அதில் மாற்றுங்கள். கோரமங்களா கஃபேயில் வேண்டாம், பிறர் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம்: கீபோர்டில் அடிப்பதைத் திருடும் மென்பொருள் அதில் இருந்தால், கார்டுக்குப் போகுமுன்பே பின் களவு போய்விடும்.

கார்டு தொலைந்தால் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். செக்யூரிட்டி டெஸ்க் கதவு அனுமதியை மட்டும் நிறுத்தியிருக்கலாம். லாகினும் கையொப்பமும் உங்களுடையவைதான் என்று காட்டும், கார்டின் டிஜிட்டல் சான்றிதழை ரத்து செய்ய ஐடி டீமுக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.