ஈடு இருக்குது தானே, பிள்ளை?

போன செவ்வாய்க்கிழமை விசுவமடுப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு நகைக்கடைப் பை. மேசையில் கவிழ்த்தார். முறித்த நிலையான வைப்பொன்றின் நிழற்பிரதி, வங்கி திருப்பி அனுப்பிய இரண்டு காசோலைகள், மடித்து மடித்து நைந்துபோன ஓர் அச்சுத்தாள். இந்த மாதம் என் மேசையில் கவிழ்ந்த மூன்றாவது பை இது. முதல் இரண்டுக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னேன். மூன்றாவதுக்கு என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அதிபரின் கதை சுருக்கமானது. ஓய்வூதியப் பணிக்கொடையில் முப்பது இலட்சத்தை, வீடு காணிகளை ஈடு வாங்கிக் கடன் கொடுக்கும் உரிமம்பெற்ற நிதிக் கம்பனி ஒன்றில் ஒரு வருடத்துக்குப் போட்டிருந்தார். கொழும்பில் கணினி வேலை செய்யும் மருமகன் அந்தக் கம்பனியின் கணக்கை இணையத்தில் எடுத்த ஒரு விரிதாளில் போட்டுப் பார்த்திருக்கிறார். 'இசட் புள்ளி 0.7, வங்குரோத்து வலயம்' என்று சிவப்பில் வந்திருக்கிறது. ஒரு கம்பனி முறியுமா என்று அதன் கணக்கை வைத்துக் கணிக்கும் புள்ளி அது. மனுசன் பயந்துபோய்ப் பத்தாம் மாதத்தில் வைப்பை முறித்தார். வட்டியில் பெரும்பகுதி போயிற்று. அந்தக் காசை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி தருகிற ஒரு 'சங்கத்தில்' போட்டார். அதன் ஒற்றைத் தாள் கணக்குக்கு மருமகனின் விரிதாள் மூன்றுக்கு மேலே புள்ளி கொடுத்தது. பச்சை நிறம். பாதுகாப்பு வலயம். திரும்பி வந்த இரண்டு காசோலைகளும் அந்தச் சங்கத்தினுடையவை.

மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கைத் திறந்தாவது பார்த்தாரே, எங்கள் ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாட்காட்டியும் குடையும் தருகிற கம்பனியைத்தான் நல்ல கம்பனி என்கிறார்கள். ஆனால் அளவுகோல் பிழை. எட்வர்ட் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1968இல் அந்த இசட் புள்ளிச் சூத்திரத்தைச் செய்தது 66 உற்பத்தி நிறுவனங்களை வைத்து. அவற்றில் பாதி வங்குரோத்தானவை, பாதி நிலைத்தவை. தொழிற்சாலைக்குச் சரக்கிருப்பு உண்டு, நடைமுறை மூலதனம் உண்டு, விற்பனை உண்டு. கடன் கொடுக்கும் கம்பனிக்கு இவை எங்கே? மற்றவர் காசை வாங்கி மற்றவருக்குக் கொடுப்பதுதான் அதன் தொழில், கடன்பட்டிருப்பது அதற்கு நோயல்ல. நாட்டின் பெரிய வங்கிகளின் கணக்கைப் போட்டாலும் அந்த விரிதாள் சிவப்பிலேதான் நிற்கும். சுற்றுநிருபம் பார்த்துத்தான் உடம்பு அசைக்கிற அரச ஊழியருக்கும் வயலில் வேலை செய்கிறவருக்கும் ஒரே நாடித்துடிப்பு எதிர்பார்ப்பது மாதிரி.

சங்கத்துக்கு ஏன் பச்சை வந்தது? அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஆட்களிடம் வாங்கிய வைப்புப் பணம் முழுவதையும் 'அங்கத்தவர் நிதி' என்று பெயரிட்டு, சொந்த மூலதனத்தின் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். கடன் என்று காட்டியது சில்லறை. சூத்திரம் பாவம், எழுதியதை நம்பிற்று. கணக்கை வைத்துப் புள்ளி போடும் எந்த முறைக்கும் உள்ள முதல் பலவீனம் இது. தாளைத்தான் அது அளக்கும், தாளை எழுதின கையை அளக்காது.

சரி, அதிபர் அந்தச் சங்கத்தாரிடம் ஒன்றுமே கேட்கவில்லையா? கேட்டிருக்கிறார். "எங்கட சனத்தின்ர காணி உறுதியெல்லாம் எங்களிட்டத்தான் ஐயா ஈடாய் இருக்கு" என்றார்களாம். அதோடு சரி. என்னிடமும் அதையே சொன்னார்: "ஈடு இருக்குது தானே, பிள்ளை? காணி எங்க ஓடப் போகுது?"

காணி ஓடாதுதான் ஐயா. அதுதான் பிரச்சினையே.

பத்து வருடமாக நான் கேட்டுக் கேட்டுக் களைத்த வசனம் இது, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். ஒரு கம்பனியிடம் எத்தனை உறுதி அடுக்கியிருக்கிறது என்பது அதன் பலத்தைக் காட்டாது. முதலில், வன்னியில் எத்தனை பேரிடம் சுத்தமான உறுதி இருக்கிறது? பாதிக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த பெர்மிட் காணி, அல்லது அளிப்புக் காணி. அவற்றை நினைத்தவருக்கெல்லாம் ஈடு வைக்க முடியாது. சட்டம் இடம் கொடுத்த நிறுவனங்களுக்கு மட்டும்தான். பெர்மிட்டின் நிழற்பிரதியை இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கம்பனியிடம் இருப்பது ஈடு இல்லை, கடதாசி. இடம்பெயர்ந்ததில் தொலைந்த உறுதி, பிரித்து எழுதாத முதுசம், வெளிநாட்டில் இருக்கும் கூட்டுப் பங்காளி, எல்லை தெரியாமல் பற்றையான பின்வளவு, இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, உறுதி சுத்தம் என்றே வைப்போம். கடன் தவறியவர் மேல் வழக்குப் போட வேண்டும். வருடங்கள் போகும். தீர்ப்பு வந்து ஏலத்துக்கு விட்டால், சொந்த ஊரானின் காணியை ஏலத்தில் எடுக்க ஊரில் எவன் வருவான்? வெளியாள் வந்தாலும் கேட்கிற விலை பாதி. அதைவிட, ஒரே மழை பொய்த்த வருடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து தவறுவார்கள். எல்லோருடைய காணியும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் வாங்குகிறவன் யார்? மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த பெறுமதி, ஒரு காணியைத் தனியாக, அவசரமில்லாமல் விற்கிற பெறுமதி. நீங்கள் திங்கட்கிழமை காலை வைப்பைக் கேட்டுப் போவீர்கள். உங்கள் காசு காணியாய் நிற்கிறது. காசாளர் உங்களுக்கு நாலு பரப்பு வெட்டித் தருவாரா?

ஈட்டுக் கடன் கம்பனியை எடை போடுவதற்கு ஈட்டின் மதிப்பு அல்ல, வேறு சில எண்கள்தான் வேண்டும். ஐந்தொகை, அதாவது கம்பனியின் சொத்தையும் கடனையும் எழுதிய தாள், என்றதும் கையை உதறாதீர்கள். நூறு ரூபாய்க் கம்பனி ஒன்றை எடுப்போம். 70 ரூபாய் வைப்பு, 18 ரூபாய் வங்கிக் கடன், சொந்தப் பணம் 12. வெளியே கொடுத்த கடன் 80. அதில் 10 ரூபாய் தவணை கட்டாமல் கிடக்கிறது. முன்பெல்லாம் ஆறு மாதம் கட்டாவிட்டால்தான் செயற்படாக் கடன் என்பார்கள், அந்தக் காலத்தைப் படிப்படியாகக் குறைத்து 90 நாளுக்குக் கொண்டுவந்துவிட்டது மத்திய வங்கி. நட்டத்துக்கென்று கம்பனி ஒதுக்கி வைத்த ஏற்பாடு 3. இனி, கட்டாத 10ஐச் சொந்தப் பணம் 12, ஏற்பாடு 3 ஆகியவற்றின் கூட்டால் பிரியுங்கள். 67 சதவீதம். இதை டெக்சாஸ் விகிதம் என்பார்கள், 1980களில் அந்த மாநிலத்து வங்கிகள் வரிசையாகப் படுத்தபோது பிறந்தது. நூறை நெருங்கினால் விழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கள்ளத்தனம் உண்டு, தொழிலில் இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடன் தவறியவரின் காணியைக் கம்பனி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், அந்தக் கடன் செயற்படாக் கடன் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். 'முதலீட்டு ஆதனம்' என்ற அழகான பெயரில் வேறொரு வரியில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் அதன் விலையை ஏற்றி மதிப்பிட்டால் அந்த ஏற்றம் இலாபமாகவும் வரும். ஒரு சதம் காசு உள்ளே வராமல் இலாபம்! நம் நூறு ரூபாய்க் கம்பனியிடம் அப்படி 6 ரூபாய்க் காணி இருந்தால், மேலே 10 இல்லை, 16. விகிதம் 107. சொந்தப் பணம் 12இல் 2 ரூபாய் விலையேற்றி எழுதியதால் வந்தது என்றால் அதையும் கழியுங்கள், 123. கம்பனி விளம்பரத்தில் இந்த எண் ஒருநாளும் வராது. குறிப்புகளுக்குள் போய்த்தான் பொறுக்க வேண்டும். கணக்காய்வாளர்கள் குறிப்புகளைச் சிறிய எழுத்தில் போடுவது உங்கள் கண்ணைக் கெடுக்க அல்ல, ஆனால் பலன் அதுதான்.

அடுத்தது மூலதனப் போதுமை விகிதம், அதாவது கொடுத்த கடன்களின் ஆபத்துக்கு எதிரே சொந்தப் பணம் எவ்வளவு என்பது. 10,000 கோடி ரூபாய்க்குக் குறைந்த சொத்துள்ள நிதிக் கம்பனிக்கு அது 12.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. பத்திரிகையில் பிரசுரிக்கும் அரையாண்டுக் கணக்கின் அடியிலேயே இருக்கும், தமிழிலும் வரும்.

ஆனால் மூலதனம் இருந்தும் விழலாம். ஈட்டுக் கடன் இருபது வருடத்துக்குப் போகிறது, வைப்பு ஒரு வருடத்தில் திரும்பக் கேட்கப்படுகிறது. இங்கிலாந்தில் நோர்தன் றொக் என்ற வீட்டுக்கடன் வங்கி 2007 செப்டெம்பரில் வாசலில் வரிசை கண்டபோது அதன் வீட்டுக்கடன்காரர் பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சந்தையில் குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தில் நீண்ட கடன் கொடுத்திருந்தது, சந்தை கையை மூடியது, அவ்வளவுதான். 2008 பெப்ரவரியில் அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் விவசாயிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்காமல் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரித்த கூட்டம் உண்டா? குளம் எவ்வளவு பெரிசு என்று அங்கே யாரும் பேசுவதில்லை.

இரணைமடு என்றதும் ஞாபகம் வருகிறது. நிதிக் கம்பனிகளின் வருடம் பெரும்பாலும் மார்ச் 31இல் முடிகிறது. வன்னியில் காலபோக நெல்லும் ஏறக்குறைய அப்போதுதான் காசாகும். கட்டாமல் இழுத்தவரெல்லாம் அறுவடைக் காசில் இரண்டு தவணை கட்டுவார், நிலுவை குறைந்து தெரியும். எங்கள் பக்கத்தில் அதிகம் கடன் கொடுத்த கம்பனியென்றால் மார்ச் கணக்கை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், செப்டெம்பர் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கும் அளவுதான் உண்மையான நிலவரம். கொழும்பு ஆய்வாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் வயல் பார்த்ததில்லை.

இவற்றையெல்லாம் கூட்டி ஒரே புள்ளியாக்கலாமா என்று கேட்பீர்கள். யோசஃப் பியோட்றொஸ்கி என்ற பேராசிரியர் 2000இல் ஒன்பது கேள்வி, கேள்விக்கு ஒரு புள்ளி என்று ஒரு முறை செய்தார். நல்ல முறை, ஆனால் அதிலும் மொத்த இலாப விகிதம், நடைமுறை விகிதம் என்று கடைக்குரிய கேள்விகள். வங்கிக் கண்காணிப்பாளர்கள் மூலதனம், சொத்தின் தரம், முகாமை, இலாபம், திரவத்தன்மை (கேட்டவுடன் கொடுக்கக் கையில் காசு), சந்தை மாற்றத்தில் அடிபடும் தன்மை என்று ஆறு தலைப்பில் புள்ளியிடுவார்கள். எந்த முறையானாலும் கூட்டுத்தொகையை நம்பாதீர்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தி ரச்சு பொருந்தாவிட்டால் உங்கள் அம்மா அந்தக் குறிப்பைத் திருப்பிக் கொடுப்பாரா, இல்லை 'நூற்றுக்குத் தொண்ணூறு' என்று தட்டு மாற்றுவாரா? சொத்தின் தரமும் திரவத்தன்மையும் ரச்சுப் பொருத்தம். மற்றவை பிறகு.

தர மதிப்பீட்டு முகவர்களின் எழுத்தையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். இந்தியாவின் டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2019 தொடக்கத்தில் உச்சத் தரம் வைத்திருந்தது. யூன் மாதத்தில் தவணை தவறியோருக்கான கடைசித் தரம்.

"மத்திய வங்கியில் பதிந்தது தானே?" இதுவும் தினமும் கேட்கிற கேள்வி. உரிமம் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் போடக் கூடாது. அதில் பேச்சே இல்லை. ஆனால் உரிமம் வாசலைத் தாண்டுவதற்கு மட்டும். 1940இல் தொடங்கிய த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மே மாதம் இரத்தானது, ஈ.ரி.ஐ. ஃபினான்ஸின் உரிமம் அதே வருடம் யூலையில். இரண்டும் பட்டியலில் இருந்தவைதான். வைப்புக் காப்புறுதி இப்போது ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை, அதுவும் உரிமம்பெற்ற நிறுவனத்தில் மட்டும். மூன்று கணக்குத் திறந்தாலும் ஒரே கம்பனியில் என்றால் அதே 11 இலட்சம்தான். முப்பது இலட்சம் இருந்தால் மூன்று நிறுவனங்களாகப் பிரியுங்கள். சோம்பல் படாதீர்கள்.

ஊரில் எல்லோரையும் விட நாலு வீதம் கூட வட்டி தருகிறவன் உங்கள் மேல் அன்பால் தரவில்லை. அவனுக்கு வேறெங்கும் காசு கிடைக்கவில்லை. உரிமத்தில் சந்தேகமென்றால் கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பேருந்தில் போய்க் கேளுங்கள். முகவர் தம்பி வீட்டு முற்றத்துக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டு படிவம் நீட்டினால், கையெழுத்து வைக்காமல் கணக்குத் தாளைக் கேளுங்கள். கேட்ட பிறகு அவர் திரும்ப வருகிறாரா என்றும் பாருங்கள். அம்மாமாரே, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசென்றால் தயவுசெய்து அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அதிபரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அவர் முறித்த கம்பனியின் செப்டெம்பர் கணக்கை எடுத்துக் கொடுத்தேன். டெக்சாஸ் விகிதத்தை அவரே போட்டார், 58 வந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து ஓரத்தில் 'சா. சித்தி', சாதாரண சித்தி, என்று எழுதினார். முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

பிறகு சங்கத்தின் நைந்த தாளை விரித்தார். பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"இதுக்குப் புள்ளி போடேலாது, பிள்ளை" என்றார். "இது சோதினைக்கே வராத ஆள்."