ஓரத்தை வெட்டாதீர்கள்

காகித ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். கடல் தொழிலாளர்களைக் காட்டும் எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப்படம்) ஒன்று ஓரம் வெட்டப்பட்டு என் மேசைக்கு வருவது இந்த ஆண்டில் இது நான்காவது முறை. பாய்க்கயிற்றை ஐந்து மாலுமிகள் சேர்ந்து இழுக்கும் காட்சி அது. பிரேமுக்குள் அடங்கவில்லை என்று கீழ்ப்பக்கத்தைக் கத்தரித்ததில் கலைஞரின் பென்சில் கையொப்பம் பாதி போய்விட்டது. பின்னால் ஒட்டிய செலோடேப்பின் பசை முன்பக்கம் வரை ஊறி, கயிற்றைப் பற்றியிருக்கும் கைகளின் மீது பழுப்புக் கறையாகப் படிந்திருக்கிறது. “அச்சடித்ததுதானே, அசல் வேறெங்காவது இருக்கும்” என்றார் கொண்டுவந்தவர்.

அசல் வேறெங்கும் இல்லை. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தேய்த்துத் துடைத்து, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கப்படும் ஒவ்வொரு பிரதியும் அசல்தான். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1886இல் தீட்டிய ‘எய்ட் பெல்ஸ்’ ஓவியத்தில் இரு மாலுமிகள் கோணமானியால் சூரியனின் உயரத்தை அளக்கிறார்கள். 1887இல் அதே காட்சியை எட்சிங்காகச் செய்தபோது அவர் அதை அப்படியே பெயர்க்கவில்லை. சுற்றியிருந்த கப்பல் பகுதிகளைக் குறைத்து, அந்த இருவரையே முதன்மையாக்கினார். அதை நகல் என்று எப்படிச் சொல்வது?

‘மாலுமி’ என்று பொருள்படும் ‘ஸேமான்’ என்ற பெயரால் அறியப்பட்ட டச்சுக் கலைஞர் ரெய்னியர் நூம்ஸ், 17ஆம் நூற்றாண்டிலேயே கப்பலைச் சாய்த்துப் பழுதுபார்க்கும் வேலையைப் பொறித்துவைத்தார். ஆங்கிலேய எட்சிங் கலைஞர் ஆர்தர் பிரிஸ்கோ (1873–1943) பாய்மரக் கப்பல்களில் தாமே பயணம் செய்தவர். எந்தக் கயிற்றை எத்தனை பேர், எப்படிக் காலூன்றி இழுத்தார்கள் என்பதை அவருடைய கோடுகளில் படிக்கலாம். அந்த வேலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்ட இன்று, கறை படிந்த ஒரு கை என்பது அழிந்துபோன ஓர் ஆவணம்.

படத்தைச் சுற்றிக் காகிதத்தில் பதிந்திருக்கும் தகட்டுத் தடத்தையும் அதற்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் தொடாதீர்கள்; பிரேமைத்தான் பெரிதாக்க வேண்டும். சுருக்கம் போக்க இஸ்திரி போடாதீர்கள்: காகிதத்தின் மேல் புடைத்து நிற்கும் மைக்கோடு தட்டையாகிவிடும். செலோடேப் எந்த நிலையிலும் வேண்டாம். மாவுப் பசையும், படத்தைப் பின்னட்டையோடு பிணைக்க ஜப்பானியக் காகிதத்தாலான கீலும் (சிறு பட்டை) போதும். பின்னட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, வெயிலும் படக் கூடாது.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? அந்தத் துண்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஓர் உறையில் இட்டு, படத்தோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.