வெந்நீர் ஏன் புடா கரையில் மட்டும் பொங்கியது?

டானூப் நதிக்கு மேற்கே மலைப்பாங்கான புடா, கிழக்கே சமவெளியான பெஸ்ட். இரண்டும் சேர்ந்ததுதான் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். ஆனால் இயற்கையான வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் புடா கரையோரத்தில்தான். துருக்கியர் 16ஆம் நூற்றாண்டில் ருடாஸ் குளியலகத்தைக் கட்டியதும் அங்கேதான். அதன் குவிமாடத்தின் கீழ் இன்றும் மக்கள் குளிக்கிறார்கள்.

பக்கத்தில் எரிமலை எதுவும் கொதிக்கவில்லை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலப்பகுதி இழுபட்டு மெலியத் தொடங்கியது. கண்டங்களின் மேலோடு பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் இருக்கும். இங்கே 25 முதல் 30தான். அதனால் உள்வெப்பம் மேற்பரப்பை நெருங்கிவிடுகிறது. உலகின் பல பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரி சூடு கூடும் என்றால், ஹங்கேரியில் 45 டிகிரி வரை கூடுகிறது. பள்ளமான சமவெளியில் பின்னர் படிந்த வண்டல், கம்பளி போர்த்தியதுபோல் அந்தச் சூட்டைக் காக்கிறது.

இனி நீரின் கதை. புடா மலைகளில் பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல், டோலமைட் பாறைகளின் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. அதே பாறை கிழக்கே பெஸ்டுக்கு அடியில் வண்டலுக்குள் ஆழப் புதைந்து கிடக்கிறது. அங்கே போய்ச் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலே வரப் பார்க்கிறது. வண்டலோ வழிவிடாது. நதிக்கரையை ஒட்டிய நிலப்பிளவுதான் அதற்குக் கிடைத்த வாசல். இந்தச் சுற்று முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வாசலில் நடக்கும் ரசாயனம். ஆழத்து வெந்நீரும் மலையிலிருந்து நேரே வரும் குளிர்ந்த நீரும் அங்கே கலக்கின்றன. இரண்டுமே தங்களால் இயன்ற அளவு சுண்ணாம்பை ஏற்கெனவே கரைத்து வைத்திருப்பவை. ஆனாலும் கலந்ததும் இன்னும் கரைக்கும் திறன் பிறக்கிறது. நீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் சமநிலை மாறுவதே காரணம். மோல்னார் யானோஷ் குகையை, நகரத்துக்கு அடியில், நீருக்குள்ளேயே இந்தக் கலவை இப்போதும் அரித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் பெஸ்டில் துளையிட்டால் இன்னும் சூடான நீர் வர வேண்டுமே? வில்மோஷ் சிக்மோண்டி என்ற சுரங்கப் பொறியாளர் 1868இல் நகரப் பூங்காவில் தோண்டத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 970 மீட்டர் ஆழத்திலிருந்து 70 டிகிரிக்கும் மேலான நீர் தானாகவே மேலேறி வந்தது. 1913இல் அதே பூங்காவில் சேச்செனி குளியலகம் திறக்கப்பட்டது. பக்கத்து விலங்குக்காட்சிசாலையின் நீர்யானைகளுக்கும் அதே ஊற்றுநீரில் பங்கு உண்டு.