தடுத்த முகவரி யாருடையது?

மின்னஞ்சலையும் இணையதளத்தையும் இயக்கும் சர்வரை நான் பராமரித்துவரும் வாடிக்கையாளர் ஒருவர், திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்தார். அலுவலகத்தில் ஒருவருக்கும் மின்னஞ்சல் வரவில்லை, இணையதளமும் திறக்கவில்லை. "சர்வர் படுத்துவிட்டதா?" என்றார். என் கைப்பேசியில் தளம் நன்றாகவே திறந்தது. சர்வர் ஓடுகிறது, அவர்கள் அலுவலகம்தான் தடுக்கப்பட்டிருக்கிறது என்று பாதி விஷயம் அப்போதே புரிந்துவிட்டது.

சர்வருக்குள் நுழையும் முயற்சிகள் பதிவாகும் லாக் கோப்பைப் பார்த்தேன். அவர்களுடைய ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரே பயனர் பெயர், நிமிடத்துக்கு ஒரு முறை தவறான கடவுச்சொல். வெள்ளிக்கிழமை கடவுச்சொல்லை மாற்றிய ஊழியர் ஒருவர், தன் கைப்பேசியில் பழையதை அப்படியே விட்டிருக்கிறார். சர்வரில் காவலுக்கு இருக்கும் ஃபெயில்டூபேன் என்ற மென்பொருள், பத்து நிமிடத்துக்குள் ஐந்து தோல்வி என்றால் அந்த முகவரியைத் தடுத்துவிடும். அதன் இயல்பான தடைக்காலமும் பத்து நிமிடம்தான். அதை ஒரு நாளாக நீட்டி, மின்னஞ்சல், இணையதளம் என ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல்களான எல்லா போர்ட்டுகளையும் சேர்த்து மூடச் சொன்னது என் கைவரிசை. அலுவலகம் முழுவதும் ஒரே ரவுட்டர் வழியாக, ஒரே முகவரியில் வெளியே வருவதால் ஒருவர் தவறுக்கு இருபது பேர் வெளியே நின்றார்கள்.

தடையை நீக்குவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலிலிருந்து அந்தத் தடை விதியைக் கையால் அழித்துவிட்டு முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் ஃபெயில்டூபேன் தன் தடைப்பட்டியலைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஃபெயில்டூபேனை மறுபடி இயக்கினால், காலம் முடியாத தடைகளைத் திரும்பவும் போட்டுவிடும். போட்ட கருவியைக் கொண்டே எடுக்க வேண்டும். அதற்கு முன், தவறான கடவுச்சொல்லை அனுப்பும் கைப்பேசியைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மீண்டும் அழைப்பு வரும்.

கைப்பேசி இணையத்தில் சிக்கல் இன்னும் பெரிது. பழைய வகையான ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அதனால் கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. அந்தச் சந்தாதாரர்களுக்கு உள்ளே கொடுப்பதற்கென்றே 2012-இல் 100.64.0.0 என்று தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. பலர் பகிரும் அந்தப் பொது முகவரி ஒன்றை நிரந்தரமாகத் தடுத்தால் எத்தனை பேர் முகத்தில் கதவைச் சாத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது. புதிய வகையான ஐ.பி.வி6-இல் கதை தலைகீழ். ஒரு வீட்டு இணைப்புக்கே கணக்கற்ற முகவரிகள் கிடைப்பதால் ஒற்றை முகவரியைத் தடுப்பது வீண். அங்கே முகவரியின் முன்பாதியான முதல் 64 பிட்டுகளை வைத்துத் தொகுதியாகத்தான் தடுக்க வேண்டும்.

தன்னையே வெளியே பூட்டிக்கொள்ளாத நிர்வாகியை நான் பார்த்ததில்லை. நானும் ஒருமுறை நள்ளிரவில் சர்வரை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோல் (தடையைத் தாண்டி சர்வரை நேரடியாக இயக்கும் திரை) வழியாக உள்ளே நுழைந்து என் தடையை நானே நீக்கியிருக்கிறேன். இப்போது ஃபயர்வாலைத் தொடும் முன் இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்தே வைத்திருப்பேன். கையால் போடும் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதிவிடுகிறேன்.

அன்று பத்தே முக்காலுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. அந்த ஊழியர் யார் என்று வாடிக்கையாளர் இரண்டு முறை கேட்டார். தடையை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.