குடியிருப்பவர்களிடம் பேசாமல் வாடகைக் கட்டடம் வாங்காதீர்கள்

பத்திரம் சரிபார்க்க என்னிடம் வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் கைக்கு வந்திருக்கும். சென்னைப் புறநகரில் ஐந்தாறு போர்ஷன் உள்ள கட்டடம் ஒன்றைத் தரகர் காட்டியிருப்பார். "மாசம் அறுபதாயிரம் வாடகை வருது" என்ற ஒரு வார்த்தையிலேயே மனசு முடிவெடுத்திருக்கும். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் அடுக்காகக் கொண்டுவருவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "அங்கே குடியிருப்பவர்களிடம் பேசினீர்களா?" பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

காலி மனை வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். வாடகைக் கட்டடம் வாங்கும்போது, பழைய உரிமையாளர் குடியிருப்பவர்களுக்குச் செய்யவேண்டிய கடமைகளும் சேர்ந்தே உங்கள் தலையில் வருகின்றன. ஒருவர் அனுபவத்தில் இருக்கும் இடத்தை வாங்கினால், அவருக்கு அங்கே என்ன உரிமை இருந்தாலும் அது உங்களுக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது, விற்றவர் சொல்லவில்லை" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

இதில் பெரிய பள்ளம் லீஸ். ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்பார்கள். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடிவைப்பது. முறைப்படி இதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் நடைமுறையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பதிவாகாத எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்ற தாள் கையில் இருக்கும். இரண்டு வீட்டில் லீஸ் பணம் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு போர்ஷன், வீட்டுக்குப் பத்தாயிரம், விலை 1 கோடியே 80 லட்சம். வருடத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம், அதாவது 4 சதவீதம் என்று விற்பவர் காட்டுகிறார். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு போர்ஷன் தலா 6 லட்சத்துக்கு லீஸில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ரூபாய் வாடகை வராது. மிச்சம் நான்கு வீட்டு வாடகை 4 லட்சத்து 80 ஆயிரம். சொத்து வரி, பொது மீட்டர் கரண்ட் பில், கோடையில் லாரித் தண்ணீர், மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாவற்றுக்கும் ஒரு லட்சம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதையும் சேர்த்தால் உங்கள் முதலீடு 1 கோடியே 96 லட்சம். கையில் நிற்கும் வருமானம் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதில் பாதியைக் கடனாக வாங்கினால் வட்டிக்கே வாடகை போதாது.

இதோடு முடியவில்லை. லீஸ்காரர்களுக்கு 12 லட்சம், மற்ற நால்வரின் அட்வான்ஸ் தலா ஐம்பதாயிரம் வீதம் 2 லட்சம். காலி செய்யும் நாளில் இந்த 14 லட்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். அதனால் விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கழித்த விவரத்தை யார் பெயரில் எவ்வளவு என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாய்வார்த்தையை நம்பவேண்டாம். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கியும் அப்படித்தான்: தனியாக எழுதி வாங்காவிட்டால் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வராது.

முன்பணம் கொடுக்கும் முன் ஒருநாள் மாலை, எல்லோரும் வேலைமுடிந்து வந்திருக்கும் நேரத்தில் போங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு, ஒப்பந்தத்தின் நகலையும் வாங்குங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, செப்டிக் டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். விற்பவரிடம் கிடைக்காத உண்மை அங்கே கிடைக்கும்.

கட்டட அனுமதி வரைபடத்தை அவசியம் பாருங்கள். இரண்டு குடியிருப்புக்கு அனுமதி வாங்கி ஆறாகப் பிரித்த கட்டடங்களும், அனுமதி இல்லாமல் எழுப்பிய மூன்றாவது மாடியும் புறநகரில் சாதாரணம். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அத்துமீறிக் கட்டிய பகுதிக்கு சீல் வைக்க முடியும். அந்த மாடியின் வாடகையை நம்பி விலை பேசக்கூடாது.

வருமான வரியில் ஒன்றிரண்டு. கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. உண்மையான செலவு அதைவிட அதிகமானாலும் கூடுதலாகக் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்கள் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற முன்பிடிப்பு வரியாகப் பிடித்துக் கட்டவேண்டியது வாங்குபவர். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. பிடிக்கவேண்டிய தொகை பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் தேடிவரும். பணம் கைமாறும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

பத்திரம் பதிவானதும் ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும், இனி வாடகை யாருக்கு, எந்தக் கணக்கில் என்று விற்றவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். பிறகு புது ஒப்பந்தம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்ற பழைய பழக்கம் இங்கே உதவாது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதினாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. யாராவது காலி செய்ய மறுத்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். அதே சட்டம் அதைத் தடை செய்கிறது, குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடு அது. வாடகை நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.