பிபி நார்மல், ஆனால் மூச்சு வாங்குகிறது

போன வருடம் தீர்த்தமலையில் நிற்காமல் படியேறிய ஒருவர், இந்த வருடம் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “உடம்பு போட்டிருச்சு”, “ரத்தம் கம்மி” என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் 120/80. சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பட்டைக்குத் தெரியாத இன்னொரு பிபி நெஞ்சுக்குள் இருக்கிறது. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில், ஓய்வாக இருக்கும்போது சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே இருக்கும். அது 20-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்த நோய். முன்பு 25 என்றிருந்த எல்லையை 2018 உலக வல்லுநர் மாநாட்டில்தான் குறைத்தார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உப்புத் தண்ணீர் ஓடி ஓடித் துளைகள் அடைத்துக்கொண்டால், மோட்டார் பக்கம் அழுத்தம் ஏறும், கடைசி மரம் காயும். நுரையீரலின் நுண்குழாய்கள் தடித்துச் சுருங்கினாலும், கரையாத ரத்தக்கட்டி அடைத்தாலும் இதே கதைதான். இதயத்தின் இடப்பக்கம் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால், வலப்பக்கம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார். சுவர் மெல்லியது. எதிர்ப்பு கூடக்கூட முதலில் தடிக்கும், அப்புறம் உப்பிப்போய்த் தளரும். தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குவதால் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். வயிறும் உப்பலாம். ஏறும்போது உடம்பு கேட்கும் கூடுதல் ரத்தம் கிடைக்காமல் மூச்சு இரைக்கும், நெஞ்சு வலிக்கும், சிலருக்கு மயக்கம் வரும். மயங்கி விழுந்தவரை “வெயில்” என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்புவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உதடு நீலம் பாரித்தாலும் காத்திருக்கக் கூடாது.

குழாயில் கோளாறே இல்லாமலும் இது வரும். இடப்பக்க இதயம் பழுதானால் ரத்தம் நுரையீரலில் தேங்கும். இதுதான் அதிகம் காணப்படும் காரணம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வு, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, பீடியாலும் விறகடுப்புப் புகையாலும் கெட்ட நுரையீரல் என்று பட்டியல் நீளும்.

இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் சந்தேகம் தெரியும்; வலப்பக்க இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும். மருந்து காரணத்தைப் பொறுத்தது. வயாகராவில் இருக்கும் அதே சில்டனாஃபில் ஒரு வகை நோயாளிகளின் குழாய்களைத் தளர்த்துகிறது. அதற்காகக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். எல்லா வகைக்கும் அது சேராது.

டாக்டரிடம் “மூச்சு வாங்குது” என்பதோடு நிறுத்தாமல், “போன வருஷம் உச்சி வரை ஏறினேன், இப்போ பாதியில உட்கார்ந்துடறேன்” என்று சொல்லுங்கள்.