எத்தனை முறை சுட்டால் ஈரட்டி?

'சியெனா நகரின் ரிச்சாரெல்லி, ஒரே முறை மட்டும் சுடப்படும் மென்மையான ஈரட்டி வகை.' இத்தாலியில் எந்த ஊரில் என்ன பிஸ்கட் வாங்கி வரலாம் என்று சொல்லும் மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் போன வாரம் படித்த வரி இது. ஈரட்டி என்பது பிஸ்கட்டுக்குச் சிலர் வைத்த தமிழ்ப்பெயர், இருமுறை சுட்டது என்று பொருள். நான்கு கால் முக்காலி என்று யாராவது எழுதினால் சிரிப்போம். இதற்கு யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

பிஸ்கட் என்ற சொல்லின் பிறப்பு ஊரறிந்தது. லத்தீனில் 'பிஸ்' என்றால் இருமுறை, 'கொக்துஸ்' என்றால் வெந்தது. சேர்த்தால் இத்தாலியத்தில் பிஸ்கொத்தோ, பன்மையில் பிஸ்கொத்தி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பிஸ்கட் ஆனது. ஜெர்மானியர்கள் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு த்ஸ்வீபாக், அதாவது 'இருசுடல்', என்று தங்கள் மொழியிலேயே செய்துகொண்டார்கள். நம்மவர்களும் அதையேதான் செய்தார்கள்: ஈர் + அட்டி. அடுப்பு, அடிசில், அட்டில் எல்லாவற்றிலும் இருக்கும், சமைப்பதைக் குறிக்கும் அதே 'அடு'தான். அழகான ஆக்கம். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டையில்லை, அதை வைத்த இடத்தோடுதான் சண்டை.

அது கச்சிதமாக உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. டஸ்கனியில் பிராத்தோ என்ற ஊரின் கந்தூச்சி. மாவு, சர்க்கரை, முட்டை, தோல் நீக்காத பாதாம். வெண்ணெய் கிடையாது. பிசைந்து நீளக் கட்டையாக உருட்டி ஒருமுறை சுடுவார்கள். சூடு ஆறுவதற்குள் சாய்வாக வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகள் மறுபடி அடுப்புக்குள் போகும். அந்த இரண்டாவது சூட்டில்தான் மிச்சமிருக்கும் ஈரம் போகிறது, அதனால்தான் வாரக்கணக்கில் கெடுவதில்லை, அதனால்தான் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே வைத்து ஊருக்குக் கொண்டுவர முடிகிறது. மத்தெயி என்ற கடை 1858 முதல் பிராத்தோவில் இதை விற்கிறது. அதன் நீலப் பொட்டலம் ஒன்று நண்பர் தயவில் என் வீட்டுக்கும் வந்தது. துண்டின் வெட்டுமுகத்தில் பாதாம் குறுக்கே அறுபட்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பல் பலமாக இல்லாவிட்டால் கடிக்க வேண்டாம். அங்கேயே வின் சாந்தோ என்ற இனிப்பு ஒயினில் முக்கித்தான் தின்கிறார்கள். (அப்போதுதான் அது நிஜமாக 'ஈர'ட்டி. சொல்லைக் கேட்டதும் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது என்பது இந்த ஆக்கத்தின் சின்னக் குறை.)

இன்னொரு சுவையான சங்கதி. புளோரன்சில் 1583-இல் தொடங்கிய மொழிக்கழகத்தின் பெயர் குருஸ்கா. அதற்குத் தவிடு என்று பொருள். மொழியைச் சலித்துத் தவிட்டை நீக்குவதே வேலை என்று வைத்த பெயர். அந்தக் கழகத்தின் அகராதி, 1691 பதிப்பில், கந்தூச்சோவுக்கு (கந்தூச்சியின் ஒருமை) தரும் விளக்கம்: நைஸ் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் துண்டு போட்ட பிஸ்கொத்தோ. பாதாம் பேச்சே இல்லை, ஆனால் 'துண்டு' இருக்கிறது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

நம் கட்டுரையாளர் அதைச் செய்யவில்லை. ரிச்சாரெல்லி பாதாம் பொடி, சர்க்கரை, வெள்ளைக்கரு சேர்த்துச் சுடுவது, மேலே பொடிச்சர்க்கரை தூவியது, உள்ளே மெத்தென்று இருக்கும். சரோன்னோவின் அமரெத்தியும் கிட்டத்தட்ட அதே சரக்கு, ஆனால் மொறுமொறுவென்று, கொஞ்சம் கசப்போடு. பெயரே கசப்பிலிருந்து வந்ததுதான். கசாலே மொன்ஃபெர்ராத்தோவில் 1878-இல் பிறந்த குருமீரி மீசை போல வளைந்தது. அந்த ஆண்டு இறந்த மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலேயின் மீசை என்பது ஊர்ப்பேச்சு. மூன்றும் ஒரே முறை அடுப்புக்குள் போய் வருபவை. மூன்றையும் ஈரட்டி என்கிறது கட்டுரை.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். இத்தாலியர்களே எல்லாவற்றையும் பிஸ்கொத்தி என்கிறார்களே, நாம் மட்டும் எத்தனை முறை சுட்டது என்று ஏன் எண்ண வேண்டும்? எள்ளின் நெய்தான் எண்ணெய், ஆனால் தேங்காய் எண்ணெய் என்று சொல்லவில்லையா? நல்ல கேள்விதான். ஆனால் எண்ணெய் என்ற சொல் செக்கடியிலும் அடுக்களையிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கித் தேய்ந்தது. ஈரட்டியை யார் புழங்கினார்கள்? பெட்டிக்கடையில் 'ரெண்டு ஈரட்டி கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள், எவரெடி பேட்டரியை எடுத்து நீட்டுவார். புழக்கத்தில் இல்லாத சொல்லுக்கு இருக்கும் ஒரே சொத்து அதன் பொருள் வெளிப்படையாகத் தெரிவதுதான். அதையும் பறித்துவிட்டால் அப்புறம் எதற்கு அந்தச் சொல்?

பிஸ்கட்டை மாச்சில் என்று சொல்வது இன்னொரு கட்சி. மா + சில், மாவுத் துண்டு. இது இன்னும் மோசம். முறுக்கும் மாவுதான், தட்டையும் மாவுதான். அமரெத்தியில் கோதுமை மாவே கிடையாது. பாதாம் பொடியும் மாவுதானே என்பவர்கள் ஒரு தூத்துக்குடிக்காரரிடம் அமரெத்தியைக் கொடுத்துப் பார்க்கட்டும். 'நம்ம மக்ரூன்தான், முந்திரிக்குப் பதிலா பாதாம்' என்று ஒரே கடியில் சொல்லிவிடுவார். மக்ரூன் என்ற பெயரும் இத்தாலியத்தில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்ததுதான். சொந்தக்காரப் பண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அகராதியைத் தேடி ஓடுகிறோம்.

சரி, பொதுவாக என்னதான் சொல்வது? பிஸ்கோத்து என்றே சொல்லலாம். இலங்கையில் விசுக்கோத்து. போர்த்துகீசியர் வாயிலிருந்து இறங்கி நம் நாக்குக்கு ஏற்ப மாறி உட்கார்ந்துவிட்டது. 'அதெல்லாம் பிஸ்கோத்து மேட்டர்' என்று திட்டவே பயன்படுத்தும் அளவுக்கு நெருக்கம். தங்க பிஸ்கட்டைத் தங்க ஈரட்டி என்று சுங்கத்துறைச் செய்தியில் எழுத எந்தத் தூய்மைவாதியும் இதுவரை துணியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அதே கட்டுரையின் தலைப்பைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது: 'உண்ணக்கூடிய நினைவுச்சின்னங்கள்'. நினைவுச்சின்னம் என்றால் கல்லில் கட்டுவது, மாலை போடுவது. அதை எப்படித் தின்பது? திருநெல்வேலிக்குப் போய்விட்டு அல்வா இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள், 'நினைவுச்சின்னம் எங்கே' என்றா கேட்பார்கள்? ஊர்ப் பண்டம் என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும்.

நானாக இருந்தால் அந்தப் பத்தியை இப்படி எழுதியிருப்பேன்: பிராத்தோ போனால் கந்தூச்சி வாங்கி வாருங்கள். அது ஈரட்டி, இருமுறை சுட்டது, ஊர் வந்து சேர்ந்த பிறகும் பல நாள் இருக்கும். சியெனாவில் ரிச்சாரெல்லி என்ற பாதாம் பிஸ்கோத்து. அது மெத்தென்று இருப்பது, ரொம்ப நாள் வைக்காதீர்கள்.